எட்டாம் நாள் காய்ச்சல்

யுத்த காலம், பெட்ரோல் தட்டுப்பாடு. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும், கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். இளையவள் மடியில் கைக்குழந்தை. முந்தின நாள்தான் அதற்கு அம்மை குத்தியிருந்தார்கள்.

"குத்துறதுக்கு முந்தியே சங்குல கஷாயம் ஊத்திட்டேன். அதான் காய்ச்சலே வரலக்கா" என்றாள் பெருமையாக.

மூத்தவள் குழந்தையின் கையைப் பார்த்தாள். "குத்துன வலிக்குத் தாய்ப்பால் போதும் தாயி. காய்ச்சல் எட்டாம் நாள் வரும், கொப்புளம் பழுக்கறப்ப. கஷாயம் அப்பத்தான் வேணும்."

"அப்ப எப்படிக்கா குடுக்குறது? கொப்புளம் போட்டுட்டா மாரியாத்தா வந்த மாதிரியில்ல? மருந்து குடுத்தா குத்தம்னு மாமியா சொல்லுறாங்க."

"எங்க வூட்லயும் அப்படித்தான் இருந்தோம். வேப்பெலைய சொருவிட்டு, எம் பொண்ணு கொதிக்கக் கொதிக்கப் பாத்துக்கிட்டிருந்தோம். நெத்தியில ஒரு ஈரத்துணி போடல. காய்ச்சல் கண்ட மூணாம் நாள் இழுப்பு வந்துடுச்சு."

ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் போய், பஸ்ஸின் பின்னால் இருந்த கரி அடுப்பைக் கிளறினார். இளையவள் முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டாள்.

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா?"

"பஸ்ஸுல ஒருத்தி சொன்னா, அதான் குடுத்தேன்னு சொல்லு. கோவம் எம்மேல வரட்டும். எங்கிட்டேருந்து எடுத்துக்க அவளுக்கு இனிமே என்ன இருக்கு?"