ராஜாவின் விரலும் குதிரையின் வாலும்

ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போகும் டிராமில் எனக்கு முன்னால் இருந்த இளைஞன், மடியில் விரித்திருந்த ஓவியப் புத்தகத்தைத் தட்டிக் கத்தினான்.

“அண்ணே, குதிரைக்கு மருதாணி!”

பக்கத்திலிருந்தவர் குனிந்து பார்த்தார். “சேறுடா.”

“சேறு இவ்வளவு செவப்பாவா இருக்கும்? வாலைப் பாருங்க. மேல உக்காந்திருக்கிற ராஜா விரலைப் பாருங்க. ஒரே சாயம்! பழைய ஓவியம் ஒண்ணு விடாம கையை மட்டும் பாத்துக்கிட்டே வந்தேன். எல்லாம் ராணிங்க, ஆட்டக்காரிங்க. இன்னிக்குத்தான் வாள் புடிச்ச ஆம்பள கெடச்சாரு!”

“கெடச்சு?”

“பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை எனக்கும் மருதாணி வைக்கணும்ங்கறாங்க. எங்க அத்தா, பெத்த மகன்னும் பாக்காம, ‘ஆம்பளைக்கு மருதாணியா? நான் கல்யாணத்துக்கே வரல’ன்னுட்டாரு. ராஜாவே வச்சிருக்காருன்னு காட்டிடுறேன் லா!”

“உங்கத்தா ராஜாவை எங்கடா பாக்கப் போறாரு? குதிரைவண்டி ஓட்டுறவரு. குதிரையைக் காட்டு!”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். நான் இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டிருந்தது.

சில நாள் கழித்து, படகுத்துறையில் ஒரு குதிரைவண்டியிலிருந்து அதே இளைஞன் புது மனைவியோடு இறங்கினான். வெள்ளைக் குதிரைக்கு வால் செக்கச்செவேலென்று இருந்தது. அவன் விரல்களும் அப்படித்தான். கடிவாளம் பிடித்திருந்த பெரியவரின் விரல்களையும் பார்த்தேன்.

மகனைவிட அவருக்குத்தான் நன்றாகச் சிவந்திருந்தது.