சரிவின் அடியில் ஒரு வேகத்தடை

எங்கள் தெருவில் பதினான்கு விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதியிருக்கும். 'எங்கள் வீட்டு வாசல் லைட்டு எரியவில்லை' என்று புகார் எழுதினால் நகராட்சி அலுவலகத்தில் யாரும் அசைய மாட்டார்கள். கம்பத்தின் எண்ணை எழுத வேண்டும். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒன்றரை வருடம் செயலாளராக இருந்ததில் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம் இது. இரண்டாவது, கையெழுத்துப் போடுவதற்கு முன் யாரும் எதையும் படிப்பதில்லை.

ஸ்டேஷனில் நீங்கள் எழுதித் தரச் சொன்னது உறைக்காரரின் சாவைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

அவருக்கு அந்தப் பெயர் வந்தது அவருடைய காரால். மாதத்துக்கு ஒருமுறைகூட எடுக்காத கார். அதற்குச் சாம்பல் நிறத்தில் ஓர் உறை போட்டு, எங்கள் சந்து தெருவோடு சேரும் முனையில் நிறுத்தியிருப்பார். சந்தில் ஆறு வீடுகள். எங்களுடையது கடைசி. கார் நிற்கும்போது ஸ்கூட்டர் போகலாம், ஆள் போகலாம், அதைவிட அகலமான எதுவும் நுழையாது. உறையின் மடிப்புகளில் மழைத்தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருக்கும். அடியில் பூனைகள் குட்டி போடும். சில குட்டிகள் அங்கேயே செத்தும் போகும். அந்த வாடையைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்குப் போனோம். என் மனைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அவளுக்கு ஆஸ்துமா.

பதினோரு முறை புகார் கொடுத்தேன். பதினோரு முறையும் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று பதில் வந்தது. ஒருமுறை நேரிலேயே கேட்டேன். அவர் பல்குச்சியால் கடைவாயைக் குடைந்துகொண்டிருந்தார்.

"ரோடு என்ன, உங்க மாமனார் எழுதிக் குடுத்ததா தம்பி?"

சொல்லிவிட்டு, குச்சியின் நுனியில் வந்ததைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதே குச்சியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

ஒரு மாலை என் மனைவிக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் சந்து முனையோடு நின்றுவிட்டது. இருவர் ஸ்ட்ரெச்சரைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள். அவளை வண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. வயது இருபத்தெட்டு. எங்களுக்குத் திருமணமாகி மூன்று வருடம்.

மறுநாள் பிண ஊர்தி வருவதற்கு முன்னால் உறைக்காரர் தானாகவே வந்து காரை எடுத்தார். யாரும் கேட்கவில்லை. "இந்த மாதிரி நேரத்துல நாமதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று என் மாமனாரிடம் சொன்னார். மாமனார் அவரைக் கைகூப்பி வணங்கினார். நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது காரும் உறையும் பழைய இடத்தில் இருந்தன.

கோபமா என்று கேட்டீர்கள். இல்லை. அருவருப்பு. கோபம் ஆறும். சோற்றில் முடியைப் பார்த்தவனுக்கு அந்தச் சோறு சூடாக இருந்தாலும் ஒன்றுதான், ஆறினாலும் ஒன்றுதான்.

செயலாளர் பதவியை நான் கேட்கவில்லை. அனுதாபப்பட்டுக் கொடுத்தார்கள். பாவம், சின்ன வயது, நாலு பேரோடு பேசினால் மனசு மாறும் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். மாதாமாதம் ஒரு வீட்டின் மாடி அறையில் கூட்டம் நடக்கும். ஒருவர் வண்டிச் சாவியால் காது குடைவார். இன்னொருவர் டீக்குள் முறிந்து விழுந்த பிஸ்கட்டை இரண்டு விரலால் எடுத்துத் தின்றுவிட்டு, அந்த விரலாலேயே வருகைப் பதிவேட்டைப் புரட்டுவார். நான் அந்தப் பக்கங்களை ஓரத்தில் மட்டும் பிடித்துத் திருப்பப் பழகிக்கொண்டேன்.

எல்லோருடைய குறைகளையும் எழுதிக்கொண்டேன். தெரு மேற்கிலிருந்து கிழக்காகச் சரிந்து இறங்குகிறது. சரிவின் அடியில் திருப்பம், திருப்பத்தில் கால்வாயின் சிமெண்ட் விளிம்பு. அந்தத் திருப்பத்தில் வண்டிகள் பறக்கின்றன, குழந்தைகளை வெளியே விட முடியவில்லை, ஒரு வேகத்தடை வேண்டும் என்றார்கள் அங்கே குடியிருந்த தாய்மார்கள். அதே திருப்பத்தின் மாடி வீட்டில் டீச்சரம்மா இருந்தார். ஒன்பதாம் எண் கம்பத்தின் வெளிச்சம் நேராகப் படுக்கையில் விழுகிறது, நான்கு மாதமாகத் தூக்கமில்லை, அதை ஏதாவது செய்யச் சொல்லுங்கள் என்றார். இரண்டும் நியாயமான குறைகள். எதையும் நான் இட்டுக்கட்டவில்லை.

அலுவலகத்தில் ஒரே அறை, மூன்று மேஜைகள். உதவிப் பொறியாளர் வேர்க்கடலை உரித்த கையைக் கோப்பில் துடைத்தபடி எனக்கு விளக்கினார்.

"தடை போடறது நாங்க. அதுக்கு வெள்ளைக்கோடு அடிக்கிறது அடுத்த டேபிள். லைட்டு அந்த மூலை டேபிள். எங்களுக்குள்ள பேசிக்க ஆரம்பிச்சா ஒரு வேலையும் நடக்காது சார்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கடலைத் தோல் மேஜையெங்கும் பறந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெளிவானது. மூன்று கோப்புகள். கேட்டது தெரு, செய்வது அலுவலகம். எதை முதலில் கொடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசை மட்டும் என்னுடையது.

உறைக்காரர் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பந்து விளையாடப் போவார். ஸ்கூட்டரில்தான். மேட்டிலிருந்து என்ஜினை அணைத்துவிட்டு, சரிவு முழுக்க உருண்டே இறங்குவார். அடியில் திரும்பிய பிறகுதான் என்ஜினைப் போடுவார். "மாசம் ஒரு லிட்டர் மிச்சம் தம்பி. பள்ளம் சும்மா குடுக்குது, வாங்கிக்க வேண்டியதுதானே" என்று கூட்டத்திலேயே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பழைய ஸ்கூட்டர் அது. என்ஜினை அணைத்தால் முன்விளக்கும் அணைந்துவிடும். தலைக்கவசம் கைப்பிடியில் தொங்கும்.

முதலில் விளக்கு மனுவைக் கொடுத்தேன். ஒன்பதாம் கம்பத்துக்கு மறைப்பு மாட்டும்வரை இணைப்பைத் துண்டிப்பதாக மூலை மேஜைக்காரர் சொன்னார். துண்டித்தார். மறைப்பு வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். டீச்சரம்மா எனக்கு நன்றி சொன்னார்.

அடுத்தது வேகத்தடை. உத்தரவு வந்த பிறகு எந்த நாளில் போடலாம் என்று என்னைக் கேட்டார்கள். அந்த வாரம் உறைக்காரரும் அவர் மனைவியும் மகள் வீட்டுக்குப் போவதாக இருந்தது. போவதற்கு முன் என்னிடம் வந்தார்.

"தம்பி, நம்ம காரைக் கொஞ்சம் பாத்துக்கங்க. எவனாவது ஆணியில கோடு போட்டுடுவான்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டேன். அவர் போன இரண்டாம் நாள் தடையைப் போட்டார்கள். தாரில், தெருவின் நிறத்திலேயே, கணுக்காலுக்கு மேல் உயரம். அன்றைக்கே சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினேன். எங்கள் விதி அவ்வளவுதான் கேட்கிறது. அந்தப் பலகையைப் பார்க்கும் ஒரே ஜீவன் பல்லி.

வேறு யாராவது விழுந்திருந்தால் என்று கேட்பீர்கள். விழுந்தார். மூன்றாம் நாள் காலை, பேப்பர் போடுபவர். அவருடைய சைக்கிளில் விளக்கு கிடையாது. முழங்கை தேய்ந்து சதை தெரிந்தது. நான்தான் கழுவி மருந்து போட்டேன். "யாரு சார் இதைப் போடச் சொன்னது, அவன் கையில கட்டி மொளைக்க" என்றார். சரிதான் என்றேன். மிதமான வேகத்தில் வந்தவரே கால்வாய் விளிம்புக்கு இரண்டடி முன்னால்தான் போய் விழுந்திருந்தார். இடம் சரியாக அமைந்திருப்பது அப்போது எனக்கு உறுதியானது.

நான்காம் நாள் வெள்ளைக்கோடு போடும் மேஸ்திரி பெயிண்ட் டப்பாக்களோடு வந்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இங்கே குடிநீர்க் குழாய்க்குத் தோண்டப் போகிறார்கள், அடித்தால் வீணாகிவிடும், அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். நல்லதாய்ப் போயிற்று என்று போய்விட்டார். இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் வாய்வழியாகத்தான் நீங்களும் என்னிடம் வந்திருக்கிறீர்கள்.

ஐந்தாம் நாள் மாலை அவர்கள் திரும்பி வந்தார்கள். டாக்ஸி மேட்டுப் பக்கமாகவே வந்து, மேட்டுப் பக்கமாகவே போனது. நான் வாசலில் நின்றிருந்தேன்.

"காருக்கு ஒண்ணும் ஆகலையே தம்பி?"

"இல்ல சார். வச்சது வச்சபடி இருக்கு."

உறையின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு அந்த ஈரக் கையாலேயே என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தச் சட்டையை நான் துவைக்கவில்லை. எரித்துவிட்டேன்.

மறுநாள் விடியலில் மாடியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். முதலில் டயர் உரசும் மெல்லிய சத்தம். பிறகு பாத்திர அலமாரி சாய்ந்ததுபோல் ஒன்று. பல் துலக்கி முடித்து, வாய் கொப்பளித்துவிட்டு இறங்கிப் போனேன். அவருடைய பல்செட் தெறித்துக் கால்வாய்ச் சேற்றில் கிடந்தது. மண்டை விளிம்பில் பட்டிருந்தது. இதற்கு மேல் வர்ணிக்க விரும்பவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது பார்த்ததைவிட அது ஒன்றும் மோசமாக இல்லை. நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வழியில் தடை எதுவும் இல்லாததால் உடனே வந்துவிட்டது. பலனில்லை.

மூன்று வாரம் கழித்து அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியாத வலியா தம்பி இது? அந்த எடத்துல லைட்டு எரிய வைங்க. இனி ஒரு குடும்பத்துக்கு இப்படி வரக்கூடாது."

மனு எழுதிக் கொடுத்தேன். முதல் கையெழுத்து அவருடையது. நான்கு நாளில் ஒன்பதாம் கம்பம் எரிந்தது. வெள்ளைக்கோடும் வந்தது. டீச்சரம்மா தடித்த திரைச்சீலை வாங்கி மாட்டிக்கொண்டார். இப்போது அந்தத் திருப்பம்தான் எங்கள் வட்டாரத்திலேயே பாதுகாப்பானது. நீங்களே போய்ப் பார்க்கலாம்.

அவரைக் கொன்றது நான்தான். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். படித்துவிட்டே போடுகிறேன்.

ஆனால் நேற்று நீங்கள் வேறொன்று கேட்டீர்கள். என் மனைவிக்கு மூச்சு முட்டத் தொடங்கியது ஆறு இருபதுக்கு என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆம்புலன்ஸ் நிலையத்தில் என் அழைப்பு பதிவானது ஆறு நாற்பத்தொன்றுக்கு. நடுவே இருபத்தொரு நிமிடம் என்ன செய்தாய் என்றீர்கள். அதில் மறைக்க ஒன்றுமில்லை. வண்டி உள்ளே வர வழி இருக்கிறதா என்று பார்க்கச் சந்து முனைக்கு ஓடினேன். கார் நின்றது. அதைப் படம் எடுத்தேன். எண் பலகை தெரியாத படத்தை ஏற்க மாட்டார்கள், அதனால் உறையை அவிழ்க்க வேண்டியிருந்தது. அடியில் நாடா முடிச்சு முடிச்சாக இருந்தது, இரண்டை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்தேன். பிறகு போனிலேயே புகார்ப் படிவம். நிரப்பிக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. எடுத்தால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும் என்று துண்டித்தேன். மறுபடி வந்தது. அதையும் துண்டித்தேன். மூன்றாவது முறை வரவில்லை. புகார் எண் வந்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

சம்பவம் நடக்கும்போதே பதிவு செய்யாத புகாருக்கு மதிப்பில்லை. அது உங்களுக்கும் தெரியும். அந்தக் கார் மட்டும் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் அந்த இருபத்தொரு நிமிடமும் நான் அவள் பக்கத்தில் இருந்திருப்பேன். அவளைக் கொன்றது யார் என்பது இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும்.