யோரிஸ் எழுத்து

இந்த அறைக்கு வடக்கு பார்த்த ஜன்னல் வைத்தவர் விவரம் தெரிந்தவர், ஐயா. நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். எழுத்து வெட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்.

என் பெயர் லாம்பிரெக்ட். ஆன்ட்வெர்ப்பில் யோரிஸின் அச்சுக்கூடத்துக்கு எழுத்து வெட்டிக் கொடுத்தவன். எஃகுக் குச்சியின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, விளக்குப் புகையில் காட்டி, தாளில் ஒற்றிப் பார்த்து, மறுபடி அராவ வேண்டும். அதைச் செம்பில் அடித்து அச்சு எடுத்துவிட்டால், ஈயம் ஊற்றுவது யாராலும் ஆகும். வால் சுழித்த ஒரு சின்ன எழுத்துக்கு ஒரு குளிர்காலம் போனது. தெறித்த எஃகுத் தூளில் என் இடது கண்ணும் போனது.

யோரிஸ் கெட்டவர் இல்லை. கூலி பிடித்ததில்லை. அவர் மனைவி மாய்கென் எனக்கும் சேர்த்துத்தான் மீன் வறுப்பாள். ஆனால் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தையில் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொல்வார்: "சும்மா படுத்துக் கெடந்தேன். இந்த எழுத்து அப்படியே கண்ணுல வந்து நின்னுச்சு."

ஒரு வியாபாரி என்னைக் காட்டி, "அப்ப இவரு?" என்றான்.

"இவனா? கொல்லன். நான் சொல்றத இரும்புல கீறுவான். கைதான் இவனோடது, கண்ணு என்னோடது. இவனுக்குத்தான் ஒண்ணு அவிஞ்சு போச்சே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரி, எல்லாம் அவருடையதாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஊரே திருவிழா ஊர்வலம் பார்க்கப் போன ஒரு பகலில் அச்சுக்கூடத்தில் நான் மட்டும் இருந்தேன். பூசையில் கிறிஸ்துவின் உடலென்று தரும் அப்பத்தைக் கேலி செய்து, அந்த எழுத்திலேயே ஒரு பக்கம் கோத்து அச்சடித்தேன். அடித்தவர் பெயர் போடவில்லை. எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, தாள்களைப் பேராலய வாசலில் விட்டுவந்தேன். அதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும்.

யோரிஸை விசாரிக்கும்போது என்னையும் சாட்சியாக அழைத்தார்கள். நீதிபதி தாளை நீட்டி, "எழுத்து யாருது?" என்றார். எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்த்தார் யோரிஸ்.

"என்னுதுங்க ஐயா. நாட்டுல வேற யாருகிட்டயும் கெடையாது."

பிறகுதான் படித்தார். முகம் வெளுத்தது. என்னைக் கைகாட்டினார்.

"ஐயா, சத்தியமா சொல்றேன். இத வெட்டுனவன் இவன். ஒவ்வொண்ணும் இவன் கை, இவன் கண்ணு. எனக்குக் குச்சியப் பிடிக்கக்கூடத் தெரியாது. எஃகும் செம்பும் இவன் வீட்லதான் இருக்கு, எங்க வேணாலும் வார்க்கலாம்."

ஊர் கூடியிருந்த இடத்தில் சொன்னார், ஐயா. அதைக் கேட்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். மாய்கென் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

நீதிபதி என்னைப் பார்த்தார். "ஊருக்கே தெரியுங்களே. எழுத்து அவரோடது. நான் வெறும் கொல்லன்" என்றேன்.

சந்தைத் திடலில் அவர் தலையை வெட்டினார்கள். கோபம் அன்றே தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் இப்போது எந்த அச்சுக்கூடத்துக்குப் போனாலும் "யோரிஸ் எழுத்து இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். போன வாரம் ஒரு புத்தகக் கடைக்காரன் என் தோளைத் தட்டி, "ஆளு போனாலும் எழுத்து நிக்குது பாருங்க. அவருகிட்ட வேல பாத்தீங்களாமே, குடுத்து வச்சவரு" என்றான்.

என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். உங்கள் எழுத்தர் என் வாக்குமூலத்தை 'கொலை' என்று ஆரம்பித்திருக்கிறார். அது பிறகு வரட்டும். அதை அடித்துவிட்டு முதல் வரியில் இதைப் போடச் சொல்லுங்கள்: யோரிஸ் எழுத்து என்று ஒன்று கிடையாது. அத்தனையும் வெட்டியவன் லாம்பிரெக்ட்.