பின்பக்கம் இன்னும் கொஞ்சம்

ஸ்பிரிங்கை அறுத்துக் காரைத் தாழ்த்தி ஓட்டுவது பாண்டுங் நகரத்தில் அதிசயமில்லை, ஐயா. உங்கள் காவல் நிலைய வாசலிலேயே இரண்டு நிற்கின்றன. ஒன்றின் ஸ்பிரிங்கை யாரோ அவசரத்தில் அறுத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவரிடம் சொல்லிவையுங்கள்.

அளவாகத் தாழ்த்தினால் கார் வளைவில் சாயாது, சாலையைக் கவ்விக்கொண்டு போகும். அளவு மீறினால் சக்கரம் மேலே எழும்ப இடமிருக்காது. ஒரு மேடு பட்டாலும் இரும்பும் இரும்பும் முட்டும், டயர் பிடியை விட்டுவிடும். வளைவில் பின்சக்கரத்துக்கு அப்படி நேர்ந்தால் வண்டியின் வால் தனிவழி போய்விடும். எங்கள் கார் சங்கத்தில் பழைய ஆட்களுக்கெல்லாம் இது தெரியும். ரிஸ்மன் புதியவன்.

மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை அவனுக்கு. சிரித்த முகம். அவன் காரை என் பட்டறையில் நான்தான் தாழ்த்தினேன். கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. யார் வேலை இது என்று பத்திரிகைக்காரர் கேட்டார்.

"நானே பாத்துப் பாத்துச் செஞ்சது சார்," என்றான்.

நான் பக்கத்தில் அவனுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபமெல்லாம் இல்லை. கைகூடத் தட்டினேன், பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

அதன் பிறகு அவனே வந்தான். "கோமார் அண்ணே, இன்னும் எறக்கலாமா?"

"தாராளமா. பின்பக்கம் இன்னும் கொஞ்சம் எறக்குனா ராஜா மாதிரி இருக்கும்."

கேட்டபோதெல்லாம் அறுத்துக் கொடுத்தேன். வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது.

"வளைவுல பின்னாடி ஒரு மாதிரி துள்ளுதேண்ணே?"

"கார் உங்கிட்ட பேசுது தம்பி. பழகிடும்."

"உங்க குசும்பே குசும்புண்ணே," என்று சிரித்தான்.

அவன் மனைவி லிலிஸ் ஒருமுறை கூடவே வந்தாள். "கொஞ்சம் ஏத்தி விடுங்கண்ணே. உள்ள உக்காந்தா எலும்பையெல்லாம் எண்ணிடலாம்."

"ஆசப்படுறான், விடும்மா," என்றேன். சக்கரம் முட்டாமல் தாங்கும் ரப்பர்களையும் அன்றுதான் கழற்றினேன்.

லெம்பாங் மலைக்குச் சங்கத்தோடு போன அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. மற்றவர்கள் பெரிய சாலையில் போனார்கள். ரிஸ்மனிடம் மட்டும் சொன்னேன்: "சோளக்கடை வழியா வா. அருமையான வளைவு. நான் நின்னு போட்டோ எடுக்கறேன். வேகமா வந்தாத்தான் படத்துல உயிர் இருக்கும்."

கடைக்காரர் ஓமான், கார்கள் மெதுவாகப் போனால் வியாபாரம் ஆகுமென்று, அந்த வளைவில் தானே சிமெண்டில் ஒரு மேடு போட்டிருந்தார். நம் ஊரில் அதற்குத் தூங்கும் போலீஸ் என்று பெயர். தப்பாக நினைக்காதீர்கள்.

படம் நன்றாகவே வந்திருக்கிறது. கார் பள்ளத்துக்குள் போவதற்குச் சற்று முன்னால் எடுத்தது. ரிஸ்மன் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தியிருக்கிறான்.

ரிஸ்மன் செத்ததற்கு நீங்கள் ஓமானைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். லிலிஸ் அவர் கடை வாசலில் மண்ணைத் தூற்றிச் சாபம் விட்டாளாம். அனுமதியில்லாமல் மேடு போட்டது தப்புதான். ஆனால் ஒழுங்கான கார் எதுவும் அதில் கவிழாது. ஸ்பிரிங்கை அறுத்தது நான். ரப்பரைக் கழற்றியது நான். வளைவைத் தேர்ந்தெடுத்ததும் நான்.

நான் செய்த வேலைக்கு இன்னொருத்தர் பேர் வாங்குவதை எத்தனை தடவைதான் பார்த்துக்கொண்டிருப்பது, ஐயா?