தேரோட்டத்தன்று நின்றுபோன கணிப்பொறி

ஆய்வுக்கூடத்தின் புதிய கணிப்பொறி அறையைத் திறந்துவைத்துத் தலைமையேற்றிருக்கும் முனைவர் வெள்ளைத்தாய் அவர்களே! இவன் எதையாவது உளறிவிடுவானோ என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் பேராசிரியர் ஹயக்ரீவன் அவர்களே! ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் இருந்து திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! பழைய மெஷினை ஓட்டிய ஆபரேட்டர் சமுத்திரம், உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

இன்று ஆளுக்கொரு கணிப்பொறி. எண்பத்தெட்டில்? கூடம் முழுமைக்கும் ஒன்றே ஒன்று! பீரோ உயரத்தில் மூளை, பக்கத்தில் கிரைண்டர் பருமனில் டிஸ்க், தடதடக்கும் பிரிண்டர். அங்கிருந்து வயர் இழுத்து எட்டு டெர்மினல், எட்டு ஆய்வாளர்கள். மெஷின் தன் நேரத்தைக் கிள்ளிக் கிள்ளி எல்லோருக்கும் மாறி மாறிக் கொடுக்கும். எட்டுப் பேரும் சேர்ந்து தட்டினால் என்ன ஆகும்? ஒரு குழாயில் ஊரே தண்ணீர் பிடிக்கிற கதைதான்!

கான்சாபுரத்து வெள்ளைத்தாய்க்கு, கண்மாய்த் தண்ணீர் கடைமடை வயல் வரை எப்படிப் போய்ச் சேரும் என்ற கணக்கு. கூட்டத்தோடு ஓட்டினால் வாரக்கணக்கில் இழுக்கும். தனியாக ஓட்டினால் ஒரு பகல். கெடுவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து! இத்தனை ஆண்டு உழைப்பும் பாழ்!

"தேரன்னிக்கு ஒருத்தரும் வரமாட்டா. மெஷின் முழுக்க உனக்குத்தான்" என்று யோசனை சொன்னவர், அன்று அந்த எட்டு ஆய்வாளர்களில் ஒருவராக இருந்த ஹயக்ரீவன். அடடா, என்ன யோசனை! ஆண்டாள் தேர் அசைந்தால் ஊரில் கரண்டை நிறுத்துவார்கள்... என்னம்மா, அங்கே ஒரே சிரிப்பு? உங்களுக்குத் தெரியும், பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ரதவீதியிலேயே வீடு வைத்திருப்பவருக்குத் தெரியாதா? தெரியும்! அன்றைக்கு எங்கள் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை, அவ்வளவுதான்.

வடம் பிடித்தார்கள், கரண்ட் போனது. பேட்டரி கொஞ்ச நேரம் முனகிவிட்டு ஓய்ந்தது. போட்ட கணக்கு அம்புட்டும் போச்சு! "அண்ணே, நாளன்னைக்குக் கெடுண்ணே. நான் எங்க போய் முட்டிக்கிடுவேன்?" என்று வெள்ளைத்தாய் என்னிடம் அழுதே விட்டார்.

மறுநாள் காலையில் எட்டுப் பேரும் வந்தார்கள். ஹயக்ரீவனுக்கும் அதே கெடுதான். அவர் கணக்கும் பாதியில் கிடந்தது. உட்கார்ந்தாரா? இல்லை! டெர்மினலை அணைத்தார். "உங்களுக்கும் கெடுதானே சார்?" என்றார் வெள்ளைத்தாய். "ஆமா. வழி சொன்னவன் நான்தானே, நீ உட்காரு" என்று வெளியே போனார். மற்ற ஆறு பேரும் அணைத்தார்கள்! ஏழு பேரும் வாசல் மரத்தடியில் உட்கார்ந்தே பகலைக் கழித்தார்கள்.

வெள்ளைத்தாயின் கணக்கு முடிந்தது. ஹயக்ரீவனுடையது முடியவில்லை. கெடுநாளன்று ஆய்வேட்டோடு இயக்குநர் முன்னே போய் நின்ற வெள்ளைத்தாய் என்ன சொன்னார் தெரியுமா? "அவருக்கு நாள் குடுத்தா இதை வாங்கிக்கிடுங்க. இல்லைன்னா எனக்கும் பட்டம் வேண்டாம், வாரேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இயக்குநர் பேனாவை எடுத்து ஹயக்ரீவனுக்கு நாள் நீட்டிக் கொடுத்தார். பொறவு வெள்ளைத்தாய் ஏட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

தம்பிமாரே, தங்கைமாரே! ஆளுக்கொரு மெஷின் வந்துவிட்டது, மகிழ்ச்சி. பக்கத்து மேசையில் ஒருத்தி தவிக்கும்போது, தன் வேலையை நிறுத்திவிட்டு எழுகிற மனசு? அதை எந்தக் கம்பெனியும் பெட்டியில் போட்டு அனுப்பாது. அதை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்!

இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், மைக்கைப் பிடுங்காத தலைவருக்கும் நன்றி சொல்லி, வணங்கி விடைபெறுகிறேன்.