முந்தானையில் முடிந்த வெல்லம்

எழுபத்திரண்டு வயதில் நான் இன்னும் நின்றுகொண்டே பேண்ட் போடுகிறேன். சுவரைப் பிடிப்பதில்லை, கட்டில் விளிம்பில் உட்காருவதில்லை. வலது காலைத் தூக்கி நுழைத்து, இடது காலைத் தூக்கி நுழைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டுத்தான் கண்ணாடியைப் பார்ப்பேன். நம்பாதவர்கள் ஒருநாள் விடிகாலையில் குரும்பலூருக்கு வந்து நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

நம் நடையாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் செயலாளர் அறிவரசன். "அய்யாக்கண்ணு சார், இந்த வருசம் இளமை குன்றா முதியவர் கேடயம் ஒங்களுக்குத்தான். ஒடம்ப எப்படி இப்படி வச்சிருக்கீங்கன்னு ஒளிக்காம எழுதிக் கொடுங்க" என்றார். ஒளிக்காமல் எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மலர் கைக்கு வந்ததும் எல்லாரும் தங்கள் போட்டோ எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவார்கள், அதோடு மூடி வைத்துவிடுவார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் வேண்டாததை அறிவரசன் வெட்டிக்கொள்ளட்டும்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. காலையில் கம்பங்கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். இருட்டியதும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். தினமும் நடை. இதையெல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கூடச் சொல்லிவிடுவார். நான் சொல்ல வருவது வேறு. மனிதன் கடைசி மூச்சு வரை அடுத்தவர் கையை எதிர்பார்க்கக் கூடாது. இதை என் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அவருக்குச் சர்க்கரை. கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே மொத்தத்தையும். ஒன்பது வருடம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். நாலு ஊருக்கு நியாயம் சொன்ன மனிதர், ஒண்ணுக்குப் போக என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிடும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். எனக்கு அந்த நிலைமை வரக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். அந்தப் பயம் எனக்கு இன்றும் உண்டு, சொல்வதில் வெட்கமில்லை.

என் மனைவி முத்தாயியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவள் இல்லாமல் இந்த ஆரோக்கியம் இல்லை. திருமானூர்க்காரி, கொள்ளிடத் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு. என்னைவிட ஐந்து வயது இளையவள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டு, தானே ஆள் வைத்துப் பிடுங்கி, வயலோரத்தில் ஓலை வேய்ந்த பட்டறையில் சேமித்து, விலை ஏறும் வரை அணில் குஞ்சைப் போலப் பார்த்துக்கொள்வாள். ஏறியதும் மூட்டையை டிவிஎஸ் வண்டியில் முன்னால் சாய்த்துக்கொண்டு அவளே டவுனுக்கு ஓட்டிப் போவாள். நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் முப்பத்தோரு வருடம் டைம் ஆபீஸ் கிளார்க். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். "ஒங்கப்பா பேனாவத் தூக்கியே எளச்சுப் போயிட்டாரு" என்று எங்கள் மகன் பூவரசனிடம் என்னைக் கிண்டல் செய்வாள். நானும் சிரிப்பேன். எங்கள் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை.

பூவரசன் திருச்சியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் ஒரு சட்டம் போட்டிருந்தான். "ரெண்டு பேருல யாருக்கு ஒடம்பு முடியலன்னாலும் அவங்க என்கூட வந்துடணும். அப்புறம் பேச்சே கெடையாது." சொன்னதோடு நிற்காமல், எங்கள் இருவருக்கும் ரத்தப் பரிசோதனைக்கு போனிலேயே ஏற்பாடு செய்துவிட்டான்.

அதற்கு ஒரு மாதம் முன்பே எனக்கு விஷயம் தெரியும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் இலவசச் சர்க்கரைப் பரிசோதனை முகாம் போட்டிருந்தார்கள். மச்சான் கலைமணியின் பெயரைக் கொடுத்துவிட்டு விரலை நீட்டினேன். முன்னூற்றுப் பத்து என்றது மெஷின். "கலைமணி ஐயா, இன்னிக்கே டாக்டரப் பாத்துடுங்க" என்று அந்தப் பெண் கவலையோடு சொன்னாள். கலைமணியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் இன்றும் ஜிலேபி தின்றுகொண்டு சௌக்கியமாக இருக்கிறார்.

ரத்தம் எடுக்க வந்தது சுகன்யா என்ற பெண். காலை ஆறு மணிக்கே வந்துவிட்டாள். இருவருக்கும் எடுத்து முடித்ததும், "அந்தப் புள்ளைக்கு ஒரு காபி போடு" என்று முத்தாயியை உள்ளே அனுப்பியது நான்தான். "பேர நான் எழுதித் தரேம்மா" என்று ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கியதும் நான்தான். எழுத்தைப் பார்த்துவிட்டு, "எவ்ளோ அழகா இருக்குங்கய்யா" என்றாள் சுகன்யா. பெயரும் வயதும் தப்பில்லாமல்தான் எழுதினேன். ரத்தம் எடுத்த இரண்டு குழாய்களில் ஒட்டும்போது மாற்றி ஒட்டினேன். அவள் ஊசியைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அதற்கு மூன்று விநாடிதான் ஆகிறது.

அவசரத்தில் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். நன்றாக யோசித்துதான் செய்தேன். முத்தாயி கல்லும் தேய நடப்பவள். நோயாளி என்ற பெயரைத் தாங்கிக்கொள்வாள். என்னால் முடியாது. குடும்பத்தில் பாரத்தைத் தூக்கக்கூடியவர் தூக்குவதுதானே முறை.

ரிப்போர்ட் வந்தது. எனக்குத் தொண்ணூற்று நாலு, அவளுக்கு இருநூற்று எண்பத்தெட்டு. முத்தாயி அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, எனக்கு ஒரு தலவலிகூட வந்ததில்லயே. இது எங்கேருந்து வந்து ஒட்டுச்சு?" என்றாள். நான் தோளைத் தட்டிக் கொடுத்தேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், மாத்திரை எழுதினார்.

இதில் யாருக்கும் ஒரு கெடுதலும் வராமல் பார்த்துக்கொண்டேன். மாத்திரை கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். சர்க்கரை மாத்திரையை நான் விழுங்குவேன், அவளுக்கு அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரை. "வேளா வேளைக்கு எவ்வளவு அக்கறையா எடுத்துக் குடுக்குறாரு பாரு" என்று பக்கத்து வீட்டுக் கொளஞ்சியிடம் அவள் பெருமை பேசியது என் காதில் விழுந்தது. ஒருநாள் மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் நடக்கப் போய்விட்டேன். பாதி வழியில் கை கால் உதறி, சட்டை நனைய வேர்த்து, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. டீக்கடையில் கடலை மிட்டாய் வாங்கித் தின்ற பிறகுதான் நிதானம் வந்தது. சர்க்கரை குறைந்தால் உடம்பு என்ன பாடுபடும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி சுகன்யா வந்தாள், மறுபடி நானே பெயர் எழுதினேன். முத்தாயிக்குப் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. வீடே சந்தோஷப்பட்டது. இப்படியே போயிருந்தால் இன்று எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

பொங்கலுக்குப் பூவரசனும் மருமகள் ஜெயசித்ராவும் வந்தார்கள். வந்த நேரம், முத்தாயி வெயிலில் வெங்காய மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். "சுகர் இருக்குறவங்க இப்படி மூட்ட தூக்கலாமா அத்த? கெளம்புங்க எங்களோட" என்றாள் ஜெயசித்ரா. பூவரசன் அப்போதே அம்மாவின் துணிகளை எடுத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கிவிட்டான். முத்தாயி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. வெங்காயம் பூரா தரையில கெடக்கு. நான் எங்கயும் போவல."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு வார்த்தை என் வாயில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் காரில் அவள் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். "போயிட்டு வா புள்ள, ஒடம்புதான முக்கியம்" என்றேன். அவள் வண்டிச் சாவியை என் கையில் வைத்து, "வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் போடுங்க, இல்லன்னா கெட்டுப் போயிடும்" என்றாள். மாத்திரை டப்பா ஜெயசித்ராவின் கைப்பையில் ஏறியது.

ஜெயசித்ராவை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. வேறு மருமகளாக இருந்தால் நாலு நாளில் மறந்திருப்பாள். இவள் போனில் அலாரம் வைத்து, காலை எட்டு மணிக்கு மாத்திரையை மாமியார் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, விழுங்கிய பிறகுதான் நகர்வாள். இந்த மாத்திரை உண்மையான மாத்திரை.

மூன்றாவது வாரம் முத்தாயி போன் செய்தாள். "கையும் காலும் ஒதறுதுங்க. வேர்த்து ஊத்துது, கண்ண இருட்டுது. இங்க சொன்னா, டெஸ்ட்டு நல்லா வந்திருக்கு, மாத்திர வேல செய்யுதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்குறாங்க."

"ஒரு துண்டு வெல்லத்த முந்தானையில முடிஞ்சு வச்சுக்க. ஒதறுறப்ப வாயில போட்டுக்க. யாருகிட்டயும் சொல்லாத" என்றேன்.

சிரித்துவிட்டாள். "சக்கரக்காரிய வெல்லம் திங்கச் சொல்ற மொத ஆளு நீங்கதான்."

வெல்லம் நன்றாகவே கேட்டது. இரண்டு மாதம் சமாளித்தாள். மனைவி மேல் எனக்கு அக்கறை இல்லை என்று நாளைக்கு யாராவது சொன்னால், இந்த வெல்லத்தை நினைத்துப் பார்க்கட்டும்.

பிறகு ஜெயசித்ராவிடம் மாட்டிக்கொண்டாள். "மாமா, அத்த முந்தானையில வெல்லத்த முடிஞ்சு வச்சு, ஒளிச்சு ஒளிச்சுத் தின்னுருக்காங்க. நீங்களே கேளுங்க" என்று மருமகள் அழாத குறையாகப் புகார் செய்தாள். "வயசானா எல்லாரும் கொழந்தைங்கதாம்மா. இனிமே கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்துக்க" என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன். வெல்லம் யார் சொன்ன யோசனை என்று அவர்கள் கேட்டதற்கு, முத்தாயி வாயைத் திறக்கவில்லையாம். நாலாம் நாள் குளியலறையில் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

நான் பஸ்ஸில் திருச்சிக்குப் போனேன், பெரம்பலூரிலிருந்து நின்றுகொண்டே. சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது, மாத்திரையைப் பாதியாக்கலாம் என்று அங்கே டாக்டர் சொன்னார். பூவரசன் அவருக்குக் கும்பிடு போட்டான். கட்டிலில் கிடந்த முத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களாச்சும் நல்லா இருக்கீங்களே, அது போதும். ரெண்டு பேரும் படுத்துட்டா புள்ளைங்க என்ன பண்ணும்" என்றாள். நர்ஸை எதற்கோ கூப்பிட்டாள். கூப்பிடும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன், சர்க்கரை இல்லாமல்.

இப்போது அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரை போகிறாள். வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிறேனா என்று கேட்பாள், பண்ணுகிறேன் என்பேன். பட்டறை மழையில் நனைந்து வெங்காயம் அழுகியதை நான் சொல்லவில்லை; மனசு கஷ்டப்படும். அரை மாத்திரை தினமும் நடக்கிறது. இதை எழுதுகிற இன்றைக்கும் காலை எட்டு மணிக்குப் போட்டிருப்பாள். உண்மையைச் சொல்ல ஒரு போன் போதும், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆடி கழியட்டும் என்றிருந்தேன், பிறகு தீபாவளி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கேடயம் கொடுக்கிறார்கள். அது முடிந்ததும் கட்டாயம் சொல்லிவிடுவேன்.

டப்பா திருச்சிக்குப் போனபின் நான் மாத்திரை எடுப்பதில்லை. மருந்துக் கடையில் நின்றால் நம் சங்கத்து ஆள் யாராவது பார்த்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக நடையை ஆறு கிலோமீட்டராக்கிவிட்டேன். ராத்திரி ஐந்தாறு தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது, அதையும் நடையோடு சேர்த்துக்கொள்ளலாம். சாப்பாடு கொளஞ்சி கொண்டுவந்துவிடுகிறாள், துணியும் பாத்திரமும் அவளே பார்த்துக்கொள்கிறாள். மற்றபடி என் காரியம் எல்லாம் நானேதான்.

நேற்று சாப்பாடு கொண்டுவந்தவள், "என்னங்கய்யா, செருப்பெல்லாம் ஒரே ஈரமா இருக்கு, ரத்தமா?" என்றாள். பார்த்தால், கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்துக் கட்டைவிரலில் முழுசாக இறங்கி ஒடிந்திருக்கிறது. ஏறி மூன்று நாளாவது இருக்கும் என்றாள், சுற்றிலும் கறுத்திருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஊக்கால் நோண்டி எடுத்தாள். நான் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வலி என்பதே இல்லை. நடந்து நடந்து அந்த அளவுக்கு உரமேறிய கால். ஞாயிற்றுக்கிழமை மேடையேறும்போது நீங்களே பாருங்கள், யாரும் எனக்குக் கை கொடுக்க வேண்டியிருக்காது.