ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்

சந்தேகமே இல்லாத ஒரு மனசு என்ன விலைக்குப் போகும் என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேளுங்கள் ஐயா. ஒரே ஒரு கேள்விக்குப் போகும். பெரிய கேள்விகூட வேண்டாம். கடை சாத்துகிற நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கிற சில்லறைக் கேள்வி போதும்.

பேனாவை இப்போதைக்குக் கீழே வைத்துவிடுங்கள். எழுத வேண்டிய இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

எங்கள் கடை உங்களுக்குப் புதிதல்ல. பூட்டு, தாழ்ப்பாள், கீல், கொக்கி. இந்த ஸ்டேஷனின் பின்கதவில் தொங்குகிற பூட்டே நம் கடைச் சரக்குதான். அன்றைக்கு நீங்கள் விலை பேசிப் பேசி என் தொண்டையை வற்றவைத்துவிட்டு, கடைசியில் நான் முதலிலேயே மனசுக்குள் போட்டுவைத்த விலைக்கு எடுத்துக்கொண்டு போனீர்கள். குறையாகச் சொல்லவில்லை. முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

பூட்டு வியாபாரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. பூட்டை விற்கவே கூடாது. ஆணி வாங்க ஒருவர் வருவார். "பின்கதவுக்கு என்ன பூட்டு போட்டிருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். அவர் ஏதோ சொல்வார். "ஓ, அதுவா," என்றுவிட்டு ஆணியை நிறுக்கப் போய்விட வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் வியாபாரம் கெட்டது. அவர் வீட்டுக்குப் போவார், சாப்பிடுவார், படுப்பார். அந்த "அதுவா" மட்டும் படுக்காது. மறுநாள் நாம் கடை திறக்கும்போது வாசலில் நிற்பார்.

இதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. என் மேலேயே ஒருவன் இந்த வித்தையை நடத்திக்கொண்டிருந்தான். பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவனுக்குப் பங்காளி என்று பேர் வைத்திருந்தேன். தலைக்குள் குடியிருந்தான். வாடகையும் தரமாட்டான், காலியும் பண்ணமாட்டான். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்கு வந்ததும் ஆரம்பிப்பான். "பூட்டினியா?" பூட்டினேன். "இழுத்துப் பாத்தியா?" பார்த்தேன். "நேத்து இழுத்ததை இன்னைக்கு இழுத்ததா நினைச்சுக்கலையே?" இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? திரும்பிப் போவேன், இழுத்துப் பார்ப்பேன், வருவேன். முனைக்கு வந்ததும் மறுபடி முதல் கேள்வியிலிருந்து தொடங்குவான்.

பூட்டோடு விட்டால்கூடப் போகட்டும் என்றிருக்கலாம். ஏணியில் நின்று போர்டு மாட்டுகிறவனைப் பார்த்தால், "தட்டிவிட்டா என்ன ஆகும்?" என்பான். நான் இரண்டு கைகளையும் பைக்குள் போட்டுக்கொண்டு கடந்துபோவேன். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறினால், "அது பள்ளம்தானா? ஆளா இருந்தா?" என்பான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். பள்ளம் பள்ளமாகவே கிடக்கும். அவனுக்கு வெட்கமும் கிடையாது.

கடைத்தெருவில் இதனால் எனக்கு நல்ல பேர். "முதலாளி ரொம்பக் கவனமான ஆளு," என்பார்கள். வியாதிக்கு ஊர் கொடுத்த பட்டம். வேண்டாம் என்று சொல்வானேன்.

இப்போது மாப்பிள்ளைக்கு வருவோம். என் தங்கை புருஷன். கடையில் பாதிப் பங்கு. அவர் பூட்டுகிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஷட்டரை இழுப்பார், பூட்டைக் கவ்வவைப்பார், சாவிக்கொத்தை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பார், சீட்டியடித்துக்கொண்டு நடப்பார். திரும்பியே பார்க்க மாட்டார். மத்தியானம் கீல் பெட்டிகளின் மேல் துண்டை விரித்துப் படுத்தால் அடுத்த நொடி குறட்டை. நான் கல்லாவில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பக்கத்துக் கடைச் சரக்கு தரமாக இருந்தால் எந்த வியாபாரியும் கொஞ்சம் கூர்ந்துதான் பார்ப்பான்.

ஒருநாள் சாயங்காலம் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"மாப்பிள்ளை, இழுத்துப் பாத்தீங்களா?"

சிரித்தார். "ஏன் மச்சான், பூட்டு விக்கிற நமக்கே பூட்டு மேல நம்பிக்கை இல்லேன்னா, வாங்குறவன் கதி என்ன?"

"அதுவும் சரிதான்," என்றேன்.

முனை வரைக்கும் சீட்டி கேட்டது. முனையில் நின்றது. "ஒரு நிமிஷம் மச்சான்," என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். நான் அங்கேயே நின்று பங்காளியின் குரலுக்காகக் காத்திருந்தேன். அவன் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு நான் தூங்கினேன் ஐயா. பல வருஷத்துக்குப் பிறகு, தூக்கம் என்று சொல்லத்தக்க தூக்கம்.

சரக்குக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று புரிந்தது. தினமும் கேட்டேன். ஒரே மாதிரி கேட்டால் பழகிவிடும் என்பதால் மாற்றி மாற்றிக் கேட்டேன். சில நாள் வாயால் கேட்காமல் பூட்டை மட்டும் ஒரு பார்வை பார்த்தேன். வாங்குகிறவருக்கு நம்பிக்கை வர வேண்டுமே என்று, ஒருநாள் அவர் பூட்டிவிட்டுப் போன பிறகு மாற்றுச் சாவியால் நானே திறந்து, பூட்டைக் கொண்டியில் சும்மா தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் அதைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கு. "நான் பூட்டினேனே மச்சான்," என்றார். "பூட்டியிருப்பீங்க," என்றேன். 'இருப்பீங்க' என்கிற அந்த வால் போதும். மாதிரிச் சரக்கு காட்டாமல் எவன் வாங்குவான், சொல்லுங்கள்.

அதன் பிறகு நான் மெனக்கெடவே தேவைப்படவில்லை. அவரே தயார் பண்ணிக்கொண்டார். வண்டியில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சக்கரம் லேசாகக் குலுங்கும். "என்னமோ தட்டின மாதிரி..." என்று முணுமுணுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். திருப்பிக்கொண்டு போவார். வண்டியிலிருந்து இறங்கி, குனிந்து, ரோட்டைத் தடவிப் பார்ப்பார். சீட்டி போயிற்று. மத்தியானக் குறட்டையும் போயிற்று. கீல் பெட்டிகளின் மேல் விரித்த துண்டில் நான் படுக்க ஆரம்பித்தேன். எனக்கு நன்றாகவே தூக்கம் வந்தது.

தங்கை கடைக்கு வந்து அழுதாள்.

"அண்ணே, பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு வந்து, விட்டேனா இல்லையான்னு மறுபடி ஓடுறார். அடுப்பை நான் அணைச்சேன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்குறார். நீயாவது எடுத்துச் சொல்லேன். நீ சொன்னாக் கேப்பார்."

"கொஞ்சம் ஓய்வு எடுக்கச் சொல்லும்மா," என்றேன். அவள் சொன்னது சரிதான். நான் சொன்னால் அவர் கேட்பார்.

இனி பேனாவை எடுக்கலாம்.

மழை பிடித்த அந்தச் சாயங்காலம் வண்டியை எடுத்தது நான். ஊர்க்கோடியில் எங்கள் கிடங்கு இருக்கிறது. தனியாகப் போய்த் தாழ்ப்பாள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பெயிண்ட் குடோன் வளைவில் ஏதோ தட்டியது. பள்ளமில்லை. பள்ளம் தட்டினால் எப்படி இருக்கும் என்று என்னை விடத் தெரிந்தவன் இந்த ஊரில் கிடையாது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு சைக்கிள் சக்கரம் மழையில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒன்றுமே இல்லாத பள்ளத்துக்கெல்லாம் வருஷக்கணக்கில் வண்டியைத் திருப்பியவன் நான். அன்றைக்குத் திருப்பவில்லை. கெட்ட எண்ணத்தில் இல்லை ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பிப் பார் என்று சொல்ல உள்ளே ஆளில்லை. ஆளைத்தான் விற்றுவிட்டேனே. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டினேன், சாப்பிட்டேன், படுத்தேன், தூங்கினேன்.

மறுநாள் காலையில்தான் செய்தி வந்தது. அடுத்த தெருத் தையல்காரர். எழுந்திருக்கவேயில்லையாம். நான் போட்டிருக்கிற இந்தச் சட்டைகூட அவர் தைத்ததுதான். தோள்பட்டை எவ்வளவு சரியாக விழுந்திருக்கிறது பாருங்கள். நல்ல கை.

நான் கடைக்குப் போனபோது மாப்பிள்ளை வண்டியின் முன்னால் நின்று, நசுங்கிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, நேத்து சாயங்காலம் வண்டிய நீங்கதானே எடுத்தீங்க?"

"இல்லையே மச்சான். நான் மத்தியானம்தானே எடுத்தேன். சாயங்காலம் நீங்க..."

"அப்படியா," என்றேன். "நிச்சயமாத் தெரியுமா?"

அவ்வளவுதான் கேட்டேன். கையைப் பிடித்து முறுக்கவில்லை, காலைப் பிடித்துக் கெஞ்சவில்லை. உள்ளே போய்க் கீல் பெட்டிகளின் நடுவில் உட்கார்ந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வெளியே வந்தபோது கண் வேறு மாதிரி இருந்தது.

"நான்தான் மச்சான். இவ்வளவு நாளா எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சே. ஒருநாள் நிஜமாவே நடக்கும்னு தெரியும்."

"பதறாதீங்க," என்று தண்ணீர் கொடுத்தேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவர் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார். நீங்கள்தான் எழுதினீர்கள். குற்றம் செய்தவன் தானாக நடந்துவந்து ஒப்புக்கொண்டால் எந்த அதிகாரிக்குத்தான் சந்தோஷம் இருக்காது? நீங்களும் விலையைப் பார்த்தீர்கள், சரக்கை இழுத்துப் பார்க்கவில்லை. அதற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

இத்தனைக்குப் பிறகு இப்போது ஏன் வந்து சொல்கிறாய் என்று கேட்கலாம். மனசாட்சி உறுத்தியது என்று சொன்னால் உங்களுக்கும் எழுத வசதி, எனக்கும் கௌரவம். ஆனால் பொய்ச் சரக்கு விற்று எனக்குப் பழக்கமில்லை.

ஜெயிலுக்கு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். இளைத்திருப்பார் என்று நினைத்துப் போனால், கன்னம் வைத்திருக்கிறார். வரும்போதே சீட்டி.

"எப்படி இருக்கீங்க மாப்பிள்ளை?"

"சொன்னா நம்ப மாட்டீங்க மச்சான். இங்க கதவு பூட்டுறது என் வேலையே இல்ல. அவங்களே பூட்டுறாங்க, அவங்களே இழுத்துப் பாக்குறாங்க. பயந்துக்கிட்டு இருந்ததெல்லாம் நடந்தும் முடிஞ்சிருச்சு. இனிமே திரும்பிப் பாக்க என்ன இருக்கு? படுத்தாத் தூங்கிடுறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "பாப்பாவை ஸ்கூல்ல யாரு விடுறா?"

"தங்கச்சிதான்."

"அவ விட்டா விட்டதுதான்," என்று சொல்லிச் சிரித்தார்.

வெளியே வந்து பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ உட்கார்ந்தாற்போல இருந்தது. "வந்துட்டேன்," என்றான் பங்காளி.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று கடையில் போர்டே மாட்டியிருக்கிறேன். அதைப் படிக்கத் தெரியாதவன் அவன். இப்போது பூட்டை விட்டுவிட்டான். தினமும் பெயிண்ட் குடோன் வளைவுக்குக் கூட்டிப்போகிறான். "இருக்காரா பாரு," என்கிறான். பார்க்கிறேன். யாரும் இல்லை. "நல்லாப் பாத்தியா?" என்கிறான்.

மாப்பிள்ளை இல்லாததால் தங்கைதான் கடையைப் பார்க்கிறாள். போன வாரம் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு வண்டிய அவர்தான் ஓட்டினாரா?"

நான் குனிந்து என் செருப்பைத் தேடினேன். "அதுவா," என்று அவளே சொல்லிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். எங்கள் குடும்பத்தில் வியாபாரம் அவளுக்கும் வருகிறது.

ஆக, விஷயம் இவ்வளவுதான். அங்கே அவர் தூங்குகிற தூக்கம் எனக்குச் சேர வேண்டியது. செய்தவன் நான், அவர் ஓசியில் அனுபவிப்பது நியாயமில்லை. அந்தக் கதவு எனக்கு வேண்டும் ஐயா. வெளியிலிருந்து வேறொருவர் பூட்டி, வேறொருவர் இழுத்துப் பார்க்கிற கதவு.

எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை ஓட்டியது நான். நிறுத்தாமல் போனதும் நான். மாப்பிள்ளை தலையில் கட்டியதும் நான். எழுதியாயிற்றா? கீழே கையெழுத்துப் போடுகிறேன். இனி அவர் வெளியே வரட்டும், நான் உள்ளே போகிறேன். தங்கைக்குப் புருஷன், பாப்பாவுக்கு அப்பன், உங்களுக்கு அசல் குற்றவாளி, எனக்குத் தூக்கம். அவரவருக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. யாருக்கும் யாரும் பாக்கியில்லை. கணக்கு நேர்.

நேர்தானே? எதற்கும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். இல்லை, நீங்கள் கூட்டினால் எனக்குத் திருப்தி வராது, காகிதத்தை இப்படிக் கொடுங்கள். மாப்பிள்ளை, தங்கை, பாப்பா, நீங்கள், நான். எங்கேயோ ஓர் ஆள் விட்டுப்போன மாதிரியே இருக்கிறது.